எளிதில் எட்டாத் தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே செயின்ட் கில்டா என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. ஹெப்ரிடீஸ் தீவுகளின் மேற்கு விளிம்பிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இக்கூட்டத்தில் மிகப் பெரியது ஹிர்டா. பெரியது என்றாலும் அதன் பரப்பளவு ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவுதான். அதன் வடபுறத்தில் 430 மீட்டர் உயரமுள்ள கொனகர் குன்று, யாரோ கத்தியால் வெட்டி எடுத்ததுபோல் கடலில் இறங்குகிறது. பிரிட்டனில் இதைவிட உயரமான கடற்பாறை வேறில்லை. சற்றுத் தொலைவில் போரரே தீவும் அதன் அருகே கடலிலிருந்து எழும் இரண்டு பாறைத் தூண்களும் நிற்கின்றன. படகு ஒன்று நம்பி ஒதுங்கக்கூடிய இடம், ஹிர்டாவின் தென்கிழக்குப் பக்கத்திலுள்ள கிராம விரிகுடா ஒன்றுதான். வடக்கே இன்னொரு குடா உண்டு. ஆனால், அங்கே கரையேறுவது எளிதன்று.

கோடைக்காலத்தில் பாய்மரப் படகுகள் இவ்விரிகுடாவை நாடி வருகின்றன. ஹிர்டாவில் ஓர் இரவாவது நங்கூரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது அந்த வட்டாரத்துப் படகோட்டிகள் பலரின் நீண்ட நாள் ஆசை. உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடத்தைக் காண இத்தனை பாடுபட வேண்டுமா, நல்லதொரு படகுத்துறையைக் கட்டிவிட்டால் முதியோரும் சிறுவரும்கூட வந்து பார்க்கலாமே என்று கேட்பது இயல்பு. கேள்வி நியாயமானதுதான். ஆயினும், ஹிர்டாவுக்குச் செல்லும் வழி இன்றிருப்பது போலவே கடினமாக இருப்பதுதான் அத்தீவுக்கு நல்லது. அதற்கான காரணங்கள் அந்தக் கடற்பயணத்திலேயே தொடங்குகின்றன.

ஹாரிஸ் தீவின் தென்முனையில் உள்ள லீவர்பரோவிலிருந்து கிராம விரிகுடா ஏறத்தாழ 50 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் செல்லும் பாய்மரப் படகுக்கு முழுதாகப் பத்து மணி நேரப் பயணம். முதலில் ஹாரிஸ் நீரிணையைக் கடக்க வேண்டும். பாறைகளும் மணல்திட்டுகளும் சிறு தீவுகளும் இறைந்து கிடக்கும் நீர்வழி அது. அதில் நீரோட்டம் வலுவானது. திசையும் எளிதில் கணிக்க முடியாதபடி மாறும். கடல் வரைபடத்தையும் மிதவைக் குறிகளையும் விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை அங்கே படகைச் செலுத்துவோருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீரிணையைத் தாண்டிவிட்டால் பாறைகள் முடிந்துவிடும். அதன் பிறகு அட்லாண்டிக் பேரலைகளைத் தடுக்க மேற்கே வேறு நிலமே இல்லை.

பல மணி நேரம் கடந்த பின், வானிலை தெளிவாக இருந்தால், தொடுவானத்தில் போரரேயும் ஹிர்டாவும் சாம்பல் நிறப் பற்களைப் போல் தோன்றும். நெருங்க நெருங்கப் பறவைகள் பெருகும். இனப்பெருக்கக் காலத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் கடற்பறவைகள் இத்தீவுகளில் கூடுகின்றன. வெண்ணிறக் கன்னெட் பறவைகள் மட்டுமே ஏறத்தாழ அறுபதாயிரம் இணைகள். அவற்றின் எச்சத்தால் பாறைத் தூண்கள் தொலைவிலிருந்து பார்ப்போருக்குப் பனி மூடியவைபோல் வெளுத்துத் தெரியும்.

விரிகுடாவை அடைந்துவிட்டால் பயணம் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கிராம விரிகுடாவுக்கு மேற்கிலும் வடக்கிலும் குன்றுகள் அரணாக உள்ளன. தென்மேற்கில் டூன் என்னும் ஒடுங்கிய தீவு சுவர்போல் நீண்டு கிடக்கிறது. திறந்திருப்பது தென்கிழக்குப் பக்கம் மட்டுமே. அந்தத் திறந்த வாசல் வழியாகக் காற்று வீசத் தொடங்கினால் அடைக்கலம் தந்த விரிகுடாவே பொறியாக மாறிவிடும். தமிழில் கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் அழைப்பர். புலவர்கள் கொண்டாடும் தென்றலுக்கு ஹிர்டாவில் நல்ல பெயர் இல்லை. மணல் தரையாகப் பார்த்து, ஆழத்தைப் போல் நான்கைந்து மடங்கு நீளத்திற்குச் சங்கிலியை விட்டு நங்கூரம் போட்டிருந்தாலும், காற்று தென்கிழக்குக்குத் திரும்பினால் நள்ளிரவானாலும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போய்விட வேண்டும். ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கரையேறாமல் ஒருவரைப் படகிலேயே காவலுக்கு விட்டுச் செல்கின்றனர்.

பத்து மணி நேரம் கடலில் அலைந்து வந்தவர், தீவைக் கண்ணெதிரே கண்டும் காலடி வைக்காமல் திரும்புவது எளிதான செயலன்று. படகோட்டுவதில் மிகக் கடினமான பாடம் அதுவாகவே இருக்கக்கூடும். புயலைக் கடந்து வந்ததைப் பெருமையாகச் சொல்வோர் பலர். காற்று மாறும் என்று முன்னறிவிப்பு வந்ததால் பாதி வழியில் திரும்பிவிட்டோம் என்று சொல்லும் தலைவரே நம்பத் தகுந்தவர். அவருடைய படகில்தான் பிள்ளைகளை ஏற்றி அனுப்பலாம். ஒரு நல்ல துறைமுகம் கட்டப்பட்டால், திரும்பிப் போகும் அந்தப் பழக்கமே தேவையற்றதாகிவிடும். மனிதர்களுக்கு அது வசதி. தீவுக்கு அதனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

படகுகள் மனிதர்களை மட்டும் ஏற்றி வருவதில்லை என்பதை ஹிர்டாவின் வரலாறு மூன்று நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறது. 1697ஆம் ஆண்டு மார்ட்டின் மார்ட்டின் என்னும் எழுத்தாளர் திறந்த படகில் அங்குச் சென்றபோது தீவில் ஏறத்தாழ 180 பேர் வாழ்ந்தனர். கடற்பறவைகளே அவர்களுக்கு உணவும் எண்ணெயும் வாடகைப் பணமும். அவர்களிடையே ஒரு விந்தையான நோய் இருந்தது. வெளியூர்ப் படகு வந்து போனால் தீவிலுள்ள அனைவருக்கும் சளி பிடிக்கும். அதற்கு ‘அந்நியர் சளி’ என்றே பெயர் வைத்திருந்தனர். வெளியுலக அறிஞர்களோ இதை நம்ப மறுத்தனர். வடகிழக்குக் காற்று வீசும்போதுதான் அந்நியர் படகு தீவில் இறங்க முடியும், அந்தக் காற்றே சளிக்குக் காரணம் என்று புத்திசாலித்தனமாக விளக்கம் சொன்னவரும் உண்டு. கிருமிகளைப் பற்றி எவரும் அறியாத காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத தீவுவாசிகள் சரியாகவே கவனித்திருந்தார்கள், படித்தவர்கள்தாம் தவறினார்கள்.

சளியோடு போயிருந்தால் பரவாயில்லை. 1727ஆம் ஆண்டு பெரியம்மை வந்தது. ஹாரிஸ் தீவில் இறந்துபோன ஒருவரின் உடைகளைத் திருப்பிக் கொண்டுவந்ததால் அது பரவியதாகக் கூறப்படுகிறது. அதே ஆகஸ்டு மாதத்தில் மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிப்பதற்காகப் போரரேயை ஒட்டிய பாறைத் தூண் ஒன்றில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். சில நாள்களில் அவர்களை அழைத்துச் செல்லப் படகு வர வேண்டும். வரவில்லை. படகைத் தள்ளித் துடுப்புப் போடுவதற்குப் போதிய ஆள்கள் ஹிர்டாவில் உயிரோடு இல்லை. அந்தப் பதினொரு பேரும் பறவைகளையும் மீன்களையும் தின்று, மழைநீரைக் குடித்து, குளிர்காலம் முழுவதையும் அந்தப் பாறையிலேயே கழித்தனர். அடுத்த ஆண்டு மே மாதம்தான் அவர்கள் மீட்கப்பட்டனர். ஊர் திரும்பியபோது வீட்டில் தங்களை வரவேற்க யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒவ்வொரு சிறுவனும் அன்றுதான் அறிந்திருப்பான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்தன. சுற்றுலாப் பயணிகள் கரையிறங்கிக் கம்பளித் துணியும் பறவை முட்டையும் வாங்கினர். மிருகக்காட்சிச் சாலைக்கு வந்தவர்களைப் போல் மக்களையும் பார்த்துச் சென்றனர். கோடையில் பணம் வந்தது. குளிர்காலத்தில் தீவு மீண்டும் தனித்து நின்றது. 1877க்குப் பின் அம்மக்கள் ஒரு புதிய அஞ்சல் முறையைக் கையாண்டனர். ஒரு மரத்துண்டைக் குடைந்து, அதற்குள் கடிதத்தை வைத்து, காற்றடைத்த ஆட்டுச் சிறுநீர்ப்பையை மிதவையாகக் கட்டிக் கடலில் விட்டனர். அது சில நேரங்களில் ஸ்காட்லாந்துக் கரையிலும் சில நேரங்களில் நார்வேயிலும் ஒதுங்கியது. உணவில்லை, நோய் வந்திருக்கிறது என்ற செய்தியை இப்படித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

இங்கே மாற்றுக் கருத்துடையோரின் வலுவான வாதத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றே பாதுகாப்பான துறைமுகம் இருந்திருந்தால் அம்மக்களின் வாழ்வு வேறு விதமாக அமைந்திருக்கும். மருத்துவரை அழைத்து வந்திருக்கலாம். மீன்பிடிப் படகுகளை வைத்திருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட படகுத்துறை, சிறு படகுகளுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. இளையோர் ஒவ்வொருவராக வெளியேறினர். 1930 ஆகஸ்டு 29ஆம் நாள், எஞ்சியிருந்த 36 பேரும் தாங்களே விண்ணப்பித்துக்கொண்டபடி ஒரு கடற்படைக் கப்பலில் ஏறித் தீவைவிட்டு நீங்கினர். வீடுகளில் விவிலிய நூலைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு பிடி ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுச் சென்றார்கள்.

அன்று துறைமுகம் கட்டாதது குறை. இன்று கட்டுவது தவறு. இதில் முரண்பாடு இல்லை. அன்று அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுக்குத் துறைமுகம் உயிர்த்தேவை. இன்று அங்கே நிரந்தரக் குடிமக்கள் இல்லை. 1957 முதல் இயங்கிவரும் ராணுவக் கண்காணிப்பு நிலையத்தின் பணியாளர்களும், பருவகாலத்தில் வரும் தீவுக்காப்பாளர்களும் ஆய்வாளர்களும்தாம் தங்குகின்றனர். பயணிகள் வருவது சில மணி நேரத்திற்கு. இப்போது அத்தீவின் உண்மையான குடிகள் பறவைகளே. அவற்றுக்கு வரக்கூடிய பெரியம்மையின் பெயர் எலி.

ஹிர்டாவில் எலி கிடையாது. அங்கு வாழும் லீச் புயற்பறவை ஐம்பது கிராம்கூட எடையில்லாத சிறு பறவை. மண்ணில் வளை தோண்டி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிறது. பஃபின் பறவைகளும் வளைகளில்தான் முட்டையிடுகின்றன. இத்தகைய கூடுகள் எலிக்குத் திறந்து வைத்த சமையலறை. படகிலிருந்து கருவுற்ற ஓர் எலி இறங்கினாலும் போதும். விரிகுடாவின் நடுவில்தானே நங்கூரம் போட்டிருக்கிறோம் என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. எலி பல நூறு மீட்டர் தூரத்தை எளிதில் நீந்திக் கடக்கும்.

இது வீண் அச்சமன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லார்டு ஹாவ் தீவில் 1918ஆம் ஆண்டு ஒரு நீராவிக் கப்பல் தரைதட்டியது. அதிலிருந்த எலிகள் கரையேறின. உலகில் வேறெங்கும் இல்லாத ஐந்து வகைப் பறவைகள் அத்தீவிலிருந்து மறைந்துபோயின. எலிகளை ஒழிக்கும் பெரும் பணி அங்கே 2019ஆம் ஆண்டில்தான் நடந்தது. ஒரு கப்பலின் தவறைத் திருத்த ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஹெப்ரிடீஸைச் சேர்ந்த ஷியன்ட் தீவுகளிலும் எலிகளை அகற்ற வேண்டியிருந்தது. 2015இல் தொடங்கிய பணிக்குப் பின், 2018இல்தான் அவை எலியற்ற தீவுகள் என அறிவிக்கப்பட்டன. இவ்விரண்டும் செங்குத்துப் பாறைகள் நிறைந்த இடங்கள். ஹிர்டாவின் 400 மீட்டர்ப் பாறைச் சரிவுகளில் கடைசி எலி வரை தேடிப் பிடிக்க முடியுமா என்பதை யாரும் சோதித்துப் பார்க்க விரும்பமாட்டார்கள். 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு மீன்பிடிக் கப்பல் கிராம விரிகுடாவில் தரைதட்டியது. அதிலிருந்த 14 பேரும் ஹெலிகாப்டர் மூலம் காப்பாற்றப்பட்டனர். மனிதர்களைக் காப்பாற்றிய கையோடு அடுத்துச் செய்த வேலை, கரையெங்கும் எலிப்பொறி வைத்ததுதான்.

“என் படகில் எலி இல்லை” என்று ஒவ்வொரு படகோட்டியும் சொல்வார். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால், எலி யாரிடமும் அனுமதி கேட்டு ஏறுவதில்லை. துறைமுகத்தில் கட்டியிருந்த கயிற்றின் வழியாக அது இரவில் ஏறியிருக்கலாம். உணவுப் பெட்டிக்குள் இருந்திருக்கலாம். ஆகவே, புறப்படும் முன் படகின் அடித்தளம் வரை சோதிப்பதும், எச்சமோ கொறித்த தடமோ உண்டா என்று பார்ப்பதும், சந்தேகம் இருந்தால் பயணத்தையே கைவிடுவதும் வானிலை அறிக்கை பார்ப்பதைப் போன்ற கடமையாக வேண்டும். பாய்மரப் படகு சிறியது, அதற்கு எதற்குக் கெடுபிடி என்பது தவறான வாதம். ராணுவ நிலையத்திற்குச் சரக்குக் கொண்டுவரும் கலமானாலும், நூறு பேரை ஏற்றிவரும் சுற்றுலாக் கப்பலானாலும், இருவர் மட்டும் வரும் சிறு படகானாலும் ஒரே விதிதான் இருக்க வேண்டும். கப்பல்கள் நேரடியாக வந்து கட்டி நிற்கும் துறை அமைந்தால் அந்தக் கயிறுகள் ஒவ்வொன்றும் எலிக்குப் பாலமாகும். இன்றைய நிலையில் படகுகள் விரிகுடாவில் நிற்கின்றன. மக்கள் சிறு தோணியில் மாறிக் கரைக்கு வருகின்றனர். அந்தச் சிறு நீர்ப்பரப்பே தீவின் மதில்.

அப்படியானால் எவரையும் அனுமதிக்காமல் தீவை மூடிவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் சரியாகாது. தங்கள் பாட்டனார் பிறந்த வீட்டைப் பார்க்க வரும் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். 1957 முதல் தீவைப் பராமரித்துவரும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கீழ், தன்னார்வலர்கள் கோடைதோறும் வந்து கூரை இழந்த வீடுகளையும் கற்சுவர்களையும் பழுது பார்த்திருக்கின்றனர். ஒரு முறையேனும் அங்குச் சென்றவர்கள்தாம் அத்தீவுக்காகப் பணமும் உழைப்பும் தருகின்றனர். முற்றிலும் மறைத்து வைக்கப்பட்ட இடத்திற்காகப் பேச ஆள் இருக்காது.

வரட்டும், ஆனால், விருந்தினராக வரட்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தமிழர் வழக்கு. விருந்தினர் வீட்டுக்காரரின் வசதியைப் பார்த்து வருவார். வீட்டை இடித்துத் தமக்கு வாசல் வைக்கச் சொல்லமாட்டார். நாயைக் கூட்டி வரக்கூடாது, கற்சுவர்களின்மேல் ஏறக்கூடாது, கூடுள்ள பக்கம் போகக்கூடாது என்பன அந்த வீட்டின் பழக்கங்கள். மலேசியாவின் தியோமான் போன்ற கடல் பூங்காக்களிலும் இதே எண்ணந்தான் செயல்படுகிறது. அங்கே பவளப்பாறைமேல் நங்கூரம் போடுவது தடுக்கப்பட்டுள்ளது. அதற்கென அமைத்த மிதவைகளில் படகைக் கட்டிக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகுப் போக்குவரத்தும் குறைந்துவிடும். அந்த மாதங்களில் கடலும் கரையும் ஓய்வு கொள்வதை எவரும் இழப்பாகக் கருதுவதில்லை.

லீவர்பரோவிலிருந்து பயணிகளை ஏற்றிச் செல்வோரில் சிலர், பயணச்சீட்டு வாங்கும்போதே அடுத்த நாளையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளச் சொல்கின்றனர். முதல் நாள் காற்று சரியில்லை என்றால் மறுநாள் முயல்வதற்காக. மறுநாளும் சரியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும், தீவு கிடைக்காது. இன்னும் சில நாள்களில் படகு விரிகுடா வரை வந்துவிடும். தென்கிழக்கு அலை துறையில் மோதுவதைப் பார்த்துவிட்டு, யாரையும் இறக்காமல் படகோட்டி திசை மாற்றுவார். படகில் முணுமுணுப்பு எழும். அதன் பின் படகு போரரேயின் பாறைத் தூண்களைச் சுற்றி வரும். தலைக்குமேல் ஆயிரக்கணக்கான கன்னெட் பறவைகள் வட்டமிட, பயணிகள் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். 1727இல் பதினொரு பேர் குளிர்காலத்தைக் கழித்த பாறையும் அங்கேதான் உள்ளது.